ஒற்றைக் காலில் முதலிடம்

காலை ஒன்பது மணி. கால் புண் பிரிவின் வாசலில் நாற்பத்திரண்டு பேர். கடைசியாகச் சக்கர நாற்காலியில் ஜெயராஜ்.

போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி அவருடைய இடது காலை முட்டிக்குக் கீழே வாங்கிக்கொண்டு போயிருந்தது. போனது போகட்டும் என்றால், வெட்டிய இடம் ஆறவில்லை. எலும்பு எட்டிப் பார்த்தது.

"தொடையிலருந்து சதையும் தோலும் எடுத்து எலும்பு மேல போத்தித் தைக்கணும் அங்கிள்," என்றார் டாக்டர் பிரேமினி. "லேட்டானா முட்டியும் போயிரும்."

முட்டி இருந்தால் செயற்கைக் கால் போட்டுப் படியேறலாம். வீடு நாலாவது மாடியில். லிப்ட் ஜெயராஜின் காலுக்கு முன்பே போய்விட்டது. அதுவரை மச்சான் வீட்டு ஹாலில்தான் படுக்கை.

"எப்ப டாக்டர்?"

"தேதி கொடுக்கறது சண்முகரத்தினம் சார். அவரப் பாருங்க."

சண்முகரத்தினம் நோயாளர் ஊக்குவிப்பு அதிகாரி. அண்மையில் ஒரு கருத்தரங்கில் அவர் பேருண்மை ஒன்றைக் கண்டடைந்திருந்தார்: நன்றாக நடப்பவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறுகிறது. நிர்வாகம் தீர ஆலோசித்து ஆணையிட்டது. அதிகம் நடப்பவருக்கே முதல் அறுவைச் சிகிச்சை. நடையை எண்ண, ஊழியர்கள் உட்பட ஆளுக்கொரு கைக்கடிகாரம்.

"சார், எனக்குக் கால் இல்ல."

"அதனாலதான் உங்களுக்கு ஊக்கம் தேவைப்படுது."

"ஊக்கம் இருக்கு சார். கால்தான் இல்ல."

"உங்களுக்கு மட்டும் சலுகை கொடுத்தா, கால் இருக்கறவங்க என்ன நினைப்பாங்க, சொல்லுங்க லா."

கடிகாரத்தைக் கட்டிவிட்டு, கூட நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ரொட்டி சானாய் என்னும் வீச்சு பரோட்டா போடும் கடைக்காரர் கன்னையாவிடம் ஜெயராஜ் புலம்பினார். கன்னையா மாவைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"அது காலையா பாக்குது? கையத்தானே பாக்குது. கழட்டுங்கண்ணே."

கட்டிக்கொண்டு நாலு வீசு வீசினார். கடிகாரம் துள்ளி எழுந்து, 'அருமையான நடை!' என்று பாராட்டியது.

அந்த வாரமே ஜெயராஜ் தாதியர்களை முந்தினார். அடுத்த வாரம், ஞாயிறுதோறும் மாரத்தான் ஓடும் இயக்குநரை முந்தினார். சண்முகரத்தினம் அவசரமாக அழைத்தார்.

"காலையில மட்டும் இவ்வளவு வேகமா நடக்கறீங்களே, எப்படி?"

"காலையிலதான் கூட்டம் சார்."

"பாத்து நடங்க. ஆனா ஒரு சிக்கல். இவ்வளவு நடக்கறவருக்கு எதுக்கு ஆபரேஷன்?"

ஜெயராஜுக்கு முட்டி கையை விட்டுப் போவது தெரிந்தது. லோரிக்காரர் அல்லவா, சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

"முதல் ஆளா வந்தவன் படத்த வாசல்ல மாட்டுவீங்க. ஒத்தக் கால்ல நின்னா நல்லாவா இருக்கும்?"

அதிகாரி கண்ணை மூடிப் படத்தை நினைத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்காது," என்றார்.

நாலாவது நாளே அறுவை. பிரேமினி மதியச் சாப்பாட்டை மறந்து, ரத்தக் குழாயோடு ரத்தக் குழாய் கோத்துத் தைத்தார். போர்த்திய சதை ஒட்டிக்கொண்டது. முட்டி பிழைத்தது. சில மாதம் கழித்துப் புதுக் காலோடு நாலு மாடி ஏறி ஜெயராஜ் கதவைத் தட்டினார்.

"சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள வாங்க," என்றாள் மனைவி குமுதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எந்தக் கால?"

ரகசியம் சும்மா இருக்குமா? கன்னையாவுக்கு முழங்கை வரை கடிகாரங்கள் ஏறின. வீசிய மாவை யாராவது தின்ன வேண்டும் அல்லவா? நோயாளிகளின் உறவினர்கள் முறை வைத்து உட்கார்ந்து தின்றார்கள்.

"மாமாவுக்கு இன்னும் தேதி கிடைக்கல. ரெண்டு போடுங்க பாஸ். சீனி தூக்கலா."

கால் புண் பிரிவில் கூட்டம் பெருகியது. திட்டத்தின் வெற்றிக்கு இதுவே சான்று என்று சண்முகரத்தினம் அறிக்கை விட்டார்.

அடுத்த ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி கால் புண் பிரிவின் இரண்டாவது கட்டடம் திறக்கப்பட்டது. ரிப்பன் வெட்டியவர் ஜெயராஜ். காலைப் பசியாறலுக்குக் கன்னையா கடை ரொட்டி சானாய். ஜெயராஜ் மூன்று சாப்பிட்டார், சீனி தொட்டு.