பதினான்காம் பிரிவின் நாவடக்கப் போர்

வாழ்க வெண்டல் ப்ரோகோப்! ஈரி ஏரியின் தென்கரையில், போர்ட் ஹாலண்ட் நகரத்துப் பேஸ்பால் திடலில், பதினான்காம் பிரிவின் ஆறாம் வரிசையில் மூன்றாம் இருக்கையில் வீற்றிருந்து, வறுத்த கடலையின் ஓடுகளைக் காலடியில் குன்றெனக் குவித்து, அக்குன்றின்மேல் கோலோச்சிய கொற்றவன் வாழ்க! பெர்ச் மீன் பொறித்த தொப்பியை மணிமுடியெனச் சூடியவன்; தன் சொந்தத் தொலைபேசி எண்ணைச் சட்டைப்பையில் எழுதி வைத்திருப்பவன்; ஆயினும், 1961 கோடையில் உள்ளூர்ப் பெர்ச் அணியின் மாற்றுப் பந்துபிடிப்பாளன் எந்தக் கையால் முள்கரண்டி பிடித்தான் என்று கேட்டால் இமைக்காமல் விடை பகர்பவன்; நகராட்சித் தண்ணீர் மீட்டர் பார்க்கும் தொழிலுக்குப் பல்வலி என்று ஓலை விடுத்து, வியாழக்கிழமை நண்பகலில் போர்க்களம் புகுந்த தீரன். கடலை வறுபடும் மணத்தில் குடியிருக்கும் தெய்வமே, அவன் அன்று அடைந்த துன்பத்தைப் பாட எமக்குக் கடுகு தடவிய நாவொன்றைத் தந்தருள்க!

ப்ரோகோப்புக்குக் காதல்கள் இரண்டு. ஒன்று ஆட்டம். மற்றொன்று, அந்த ஆட்டத்தைப் பற்றி எவருக்கும் தேவைப்படாத செய்திகளை அறிந்திருத்தல். அவ்விரண்டு காதலும் இத்தனை காலம் ஓருடல் ஈருயிராய் ஒற்றுமையோடு வாழ்ந்தன. அன்றைக்குத்தான் ஒன்றன் குடுமியை மற்றொன்று பிடித்தது.

அந்தத் திடலில் ஒரு வழக்கம் உண்டு. ஏழாம் இன்னிங்ஸ் முடிந்ததும், வெளித்திடலின் மேல் வானை மறைத்து நிற்கும் பெரும்பலகையில் அணியின் பழங்கதையிலிருந்து ஒரு கேள்வி தோன்றும். எட்டாம் இன்னிங்ஸ் முடிந்ததும் விடை தோன்றும். பதினான்காம் பிரிவினரோ அதன்மேல் தம் சட்டமொன்றை ஏற்றினர்: பலகை விடையைக் காட்டுமுன், பக்கத்து இருக்கையில் ஆட்டக் குறிப்பட்டை எழுதும் டாட் கஸ்மாரெக்கின் காது கேட்க அதை வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அட்டையோரம் ஒரு சரிக்குறி. சொல்லாவிட்டால் பெருக்கல் குறி. பள்ளிப் பேருந்து ஓட்டி, அறுபது பிள்ளைகளைப் பின்பார்வைக் கண்ணாடி வழியே ஒரே முறைப்பில் அடக்கும் அம்மாதரசியின் பென்சிலுக்கு மேல்முறையீடு கிடையாது.

ப்ரோகோப் இதுவரை இடைவிடாமல் பெற்ற சரிக்குறிகள் அறுபத்து நான்கு. பின்வரிசையில் பீர்க்குவளையும் தொந்தியுமாய் அமர்ந்திருக்கும் ஆணிக்கடை லைல், பதினோராண்டுகளுக்கு முன் நாட்டிய வெற்றித்தூணும் சரியாக அறுபத்து நான்கு. இன்னும் ஒரே ஒரு விடை. அதோடு லைலின் தூண் சாயும், ப்ரோகோப்பின் கொடி ஏறும். அதற்காக அவன் குளிர்காலம் முழுவதும் பழைய நாளிதழ்களில் மூக்கைப் புதைத்துக் கிடந்தான்.

"இன்னைக்கு என்ன கேக்குறாங்கன்னு பாப்போம்யா," என்றான் லைல், கடலையைத் தோலோடு மென்றபடி. "உன் முகத்தைப் பார்த்தா பல்வலி நிஜம் மாதிரியே இருக்கு."

இனிக் களத்தைக் காண்மின். பந்தெறியும் மேட்டின்மேல் நின்றவன் பெர்ச் அணியின் எஸ்தெபான் ஓச்சோவா; இருபத்திரண்டு வயது இடக்கையன்; நாணேற்றிய வில்லென வளைந்து, இடியெனப் பந்து விடுப்பவன். ஸ்டோன்பரோ அணியின் மட்டைவீரர் ஒருவர்பின் ஒருவராய் வந்தனர், காற்றைப் புடைத்தனர், தலைகுனிந்து திரும்பினர். ஏழு இன்னிங்ஸ் ஆகியும் அவன் பந்தில் ஒருவனும் ஒரு நல்ல அடி அடித்து முதல் தளத்தை மிதித்தானில்லை. ஒன்பதும் அவ்வாறே எறிந்து முடித்தால் அதற்கொரு பெயருண்டு. ஆயின் அது நிறைவேறுமுன் அப்பெயரை உச்சரித்தவன் ஆட்டத்தையே கெடுத்த பாவியாவான் என்பது அந்நாட்டார் தாய்ப்பாலோடு பயின்ற நம்பிக்கை. ஆதலின் நான்காயிரம் பேரும் அறிந்திருந்தனர். நான்காயிரம் பேரும் வானிலை பற்றியே பேசினர். ஓச்சோவாவின் தோழர்களோ தொழுநோயாளியைத் தவிர்ப்பார்போல் அவனைப் பலகையிருக்கையில் தன்னந்தனியே விட்டு விலகியிருந்தனர். யாமும் அப்பெயரை இவ்விடத்து உரைக்கத் துணியோம்.

அப்பொழுதுதான் பெரும்பலகை ஒளிர்ந்தது. குளிர்காலத்திலேயே பட்டியலிட்டு இயந்திரத்தில் ஏற்றி வைத்த கேள்வி அது. இன்று எவன் எறிகிறான் என்பதை அது அறியாது.

'1983 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. இதே திடலில் கிளைட் வோஹ்னர் செய்த அருஞ்செயல் என்ன?'

ப்ரோகோப்பின் முகம் பௌர்ணமியென மலர்ந்தது. அறிவான்! அந்தக் கிளைட் வோஹ்னர் அன்று எத்தனை பந்து எறிந்தான், ஆட்டம் முடிந்து என்ன தின்றான் என்பது வரை அறிவான்! வாய் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அம்முகம் அமாவாசையென இருண்டது. ஏனெனில், அன்று வோஹ்னர் செய்ததும் இன்று ஓச்சோவா செய்துகொண்டிருப்பதும் ஒன்றே. விடை எதுவோ அதுவே விலக்கப்பட்ட சொல்.

"சொல்லு வெண்டல்," என்றாள் டாட், பென்சிலை நாக்கில் தொட்டு. "எனக்குத் தெரியலை. மழையில ஆட்டம் நின்னுச்சா?"

ப்ரோகோப் பற்களை இறுகக் கடித்தான்.

அந்தோ, அக்கணம் அவன் வாயினுள் மூண்ட போரை எவ்வாறு உரைப்போம்! முப்பத்திரண்டு பற்களும் கோட்டை மதிலென இறுகி நிற்க, அறுபத்தைந்தாம் விடையென்னும் மதயானை உள்ளிருந்து அம்மதிலை முட்ட, நாவென்னும் சேனாபதி எப்பக்கம் சேர்வதென்றறியாது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நடுங்க, குரல்வளைப் பாசறையில் புகழென்னும் பேராசை முரசறைய, களத்தின்மேல் நின்ற அவ்விளைஞனின் வாழ்நாள் கனவு தன் உதட்டோரத்தில் தொங்குகிறதே என்னும் அறம் கேடயமேந்தி எதிர்நிற்க, வியர்வை ஆறு புருவக்கரை புரண்டு ஓடிற்று. எழுதிக் காட்டலாமா? கூடாது, முன்னொரு காலத்தில் ஒருவன் அச்சொல்லைக் கைத்துடைப்புக் காகிதத்தில் கிறுக்கிய இரண்டாம் பந்திலேயே எதிரணியின் அடிமழை தொடங்கிற்று என்று வரலாறு.

சைகை ஒன்றே வழி. ப்ரோகோப் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துச் சுழியமொன்று வகுத்து டாட்டின் கண்முன் நீட்டினான்.

"வெங்காய வளையமா? இப்பவா?" என்றாள் அவள். "எட்டாவது முடியட்டும், போய் வாங்கிக்கோ."

அவன் தலையை ஆட்டினான், எழுந்தான், பெரும்பலகையில் ஸ்டோன்பரோவின் பெயரெதிரே ஒளிர்ந்த சுழியத்தை நோக்கி விரலை வேலென ஓங்கினான். டாட் அவன் மணிக்கட்டில் பட்டென்று அடித்தாள்.

"கையைக் கீழ போடு! பைத்தியமா உனக்கு? காட்டுறதும் சொல்றதும் ஒண்ணுதான். இத்தனை வருஷமா ஆட்டம் பாக்குற, இதுகூடத் தெரியாதா?"

"அவனை ஏன் அடிக்கிற டாட்?" என்று பின்னாலிருந்து முழங்கினான் லைல். "பாவம், விடை தெரியலை. மூஞ்சியைப் பாரு, ஏரியிலேர்ந்து தூக்கிப்போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுறான். யோவ் ப்ரோகோப், தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காருய்யா. அறுபத்து நாலுலயே நின்னுக்கலாம், நான் நின்ன இடம், நல்ல இடம்தான்."

இகழ்ச்சி அம்பு எலும்புவரை பாய்ந்தது. சொல் பல்லிடுக்கு வரை வந்தது. அத்தருணம் களத்தில் மட்டையொன்று பந்தை ஓங்கிப் புடைக்க, அது நடுத்திடல் நோக்கிக் கழுகெனப் பறக்க, நான்காயிரம் நெஞ்சும் நின்றுபோக, பெர்ச் வீரனொருவன் புல்மேல் நெடுஞ்சாண்கிடையாய்ப் பாய்ந்து விரல்நுனியில் அதை ஏந்தினான். 'பார்த்தாயா? நினைத்ததற்கே இத்தனை!' என்று நடுங்கிய ப்ரோகோப், தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தன் வாயில் திணித்துக் கடித்தான். உலகம் எத்தனையோ தியாகிகளைக் கண்டதுண்டு. தன் தொப்பியைத் தானே தின்று பிறன் புகழைக் காத்தவனை அன்றுதான் கண்டது.

எட்டாம் இன்னிங்ஸ் முடிந்தது. பெரும்பலகை மறுபடி ஒளிர்ந்தது. ஆடும் மீன் பொம்மைகள் இரண்டு இருபுறமும் துள்ள, பன்னிரண்டடி உயர எழுத்தில், மஞ்சளும் சிவப்புமாய் மாறிமாறி, அது அறிவித்தது:

'விடை: நோ-ஹிட்டர்!'

திடல் முழுவதும் ஒரே ஓலம். தாய்மார் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினர். ஒருவர் பலகை நோக்கிச் சூடான சாண்ட்விச்சை எறிந்தார். லைல் பீரைத் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டான். ப்ரோகோப் வாயிலிருந்த தொப்பி மெல்ல நழுவி விழுந்தது.

"இதைத்தான் சொல்ல வந்தியா?" என்றாள் டாட், மெதுவாக.

"ஆமா! கேள்வி வந்த உடனே தெரியும். அவனுக்காகத்தான் சொல்லலை!"

"பலகையில படிச்சப்புறம் எனக்குந்தான்யா தெரியும்," என்றான் லைல், மடியைத் துடைத்தபடி.

பின்னர் ஒன்பதாம் இன்னிங்ஸ். சாபம் பலிக்கும், வானம் பிளக்கும், முதல் பந்தே நாறும் என்று நான்காயிரம் பேரும் விரலிடுக்கு வழியே பார்க்க, ஓச்சோவா சூயிங்கம் மென்றுகொண்டு மேடேறினான். ஒருவன் மும்முறையும் காற்றையே புடைத்து வெளியேறினான். இன்னொருவன் தரையில் உருட்டி அவுட்டானான். கடைசியான மூன்றாமவன் தூக்கியடித்த பந்து கோயில் பிரசாதம்போல் பக்கத்தில் நின்ற பெர்ச் வீரன் கையில் வந்து விழுந்தது. முடிந்தது! தோழர்கள் அவன்மேல் மலையெனக் குவிந்தனர், பட்டாசு வெடித்தது, அறியாதவர் அறியாதவரைத் தழுவினர், லைலும் ப்ரோகோப்பைத் தழுவினான்.

ஆரவாரத்தின் நடுவே, கடலையோட்டுக் குன்றின்மேல் ஏறி நின்று, கண்ணீர் வழிய, மார்பில் அறைந்து ப்ரோகோப் பிரகடனம் செய்தான்: "நான் வாயைத் திறக்காததாலதான் இது நடந்துச்சு! நான் கொடுத்தது இது!"

"பலகை அந்தச் சத்தம் போட்டுச்சே வெண்டல்," என்றாள் டாட். "அவன் பாட்டுக்கு எறிஞ்சான்."

"ஆனா எனக்குத் தெரியும்னாவது நீ நம்புறியா?"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள், பேருந்தில் அழும் பிள்ளையைப் பார்ப்பதுபோல. "நம்புறேன். சத்தியமா நம்புறேன்."

பதினான்காம் பிரிவின் மன்னர்மன்னனாய், விடைக்கடலைக் கடைந்த வித்தகனாய், தன் கொடியைத் தானே தாழ்த்தி இன்னொருவன் கொடியை விண்ணில் பறக்கவிட்ட வள்ளலாய், அவ்வொரு சொல்லில் உயிர்த்து, நிமிர்ந்து, ஏரிக்காற்றில் நரைமயிர் பறக்க, பொன்வெயில் முகத்தில் பட, ப்ரோகோப் அவள் கையிலிருந்த அட்டையை நோக்கினான்.

டாட் பெருக்கல் குறி போட்டாள்.