கிழக்கே போய் வந்த உடம்பு

"என்னை விட்டுடு. ஆள்தான் இங்க இருக்கேன், உடம்பு இன்னும் வந்து சேரலை" என்றார் மெக்கானிக், போர்வைக்குள்ளிருந்து.

அவர் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். இரவுப் பணி முடிந்து அப்போதுதான் வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே நின்றாள். சமையலறையில் மகளின் டிபன் டப்பா காலியாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பள்ளி வேன் வர அதிக நேரமில்லை.

கம்பெனி அவரை அச்சு இயந்திரப் பயிற்சிக்காகக் கிழக்கே ஒரு நாட்டுக்கு அனுப்பியிருந்தது. திரும்பி வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. உடம்பு நாலைந்து நாளிலேயே வழிக்கு வந்துவிட்டது. அதை வெளியே சொல்வானேன்? நாடு விட்டு நாடு பறந்தால் தூக்கம் தடம் மாறும் இந்த ஜெட் லாக்கில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ விமானம் ஏறியிருப்பார். மனைவிக்கு நைட் டியூட்டி என்றால் காலைச் சமையல் அவர் பொறுப்பு. இப்போது அது சத்தமில்லாமல் அவள் தலையில் இறங்கியிருந்தது. அங்கேயே இருந்துவிடட்டும் என்பது அவர் தீர்மானம்.

"இன்னுமா சரியாகலை?"

"எப்படிம்மா ஆகும்? அங்க இப்ப நடுராத்திரி."

"நடுராத்திரியா? நீங்க போனது கிழக்கே இல்ல? நமக்கு முன்னாடியே அங்க விடிஞ்சிடுமே. இந்நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காந்திருப்பாங்க."

போர்வை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"கிழக்கேயிருந்து வந்தவங்களுக்குச் சாயங்காலமே கண்ணு சொக்கும். கோழி கூவறதுக்கு முன்னாடி முழிப்புத் தட்டிடும். உங்களுக்கு மட்டும் என்ன தலைகீழா?"

மெக்கானிக் லேசுப்பட்டவர் அல்ல. தப்பான பொத்தானை அமுக்கிவிட்டால், அதுவும் சோதனைதான் என்று முதலாளியையே நம்பவைப்பவர். போர்வையை விலக்கினார்.

"அதைத்தான் சொல்ல வரேன். இருட்டுலயே முழிப்பு வந்துடுது. அப்புறம் பொட்டுத் தூக்கம் கிடையாது. சும்மா கண்ணை மூடிப் படுத்திருக்கேன்."

"தினமுமா?"

"தினமும்."

"ஐயோ பாவமே! வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

அவள் குரலில் வார்டு கனிவு வந்துவிட்டது. அந்தக் கனிவுக்குப் பின்னால் ஊசி வரும் என்பது நோயாளிகளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

"இப்படி வெறுமனே படுத்திருந்தா பைத்தியம் பிடிச்சிடும். முழிப்பு வந்ததும் அடுப்படிக்குப் போயிடுங்க. சமையலை முடிச்சு, பாப்பாவுக்குத் தலை பின்னி அனுப்பிடுங்க. பொழுதும் போகும். அப்புறம், இதுக்குச் சாயங்கால வெயில்தான் மருந்து. மார்க்கெட் வரைக்கும் நடங்க. போறதுதான் போறீங்க, பையையும் எடுத்துக்குங்க."

"இன்னைக்கு என்னமோ கொஞ்சம் தூக்கம் வர்ற மாதிரி..."

"விடாதீங்க! பகல்ல தூங்கினா ஜென்மத்துக்கும் சரியாகாது."

அவர் எழுந்தார். எழுந்த இடத்தில் அவள் சாய்ந்துகொண்டாள். மகள் வாசலில் நின்று, "அப்பா, சீப்பு" என்று நீட்டினாள்.

"இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள். அது சாதாரண உடம்புக்கு. உங்களுது முத்தின கேஸ். எப்ப நிறுத்தணும்னு நானே சொல்றேன்."

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. மெக்கானிக் சீப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.