பிரசவம் உட்பட ஐந்து வியாதிகள்

இருபத்திரண்டு வயது முடிவதற்குள் எனக்கு ஐந்து வியாதிகள் வந்துவிட்டன. தீராத இருமல், உள்மூலம், ஞாபக மறதி, நரம்புத் தளர்ச்சி, பிரசவம். ஐந்துக்கும் மருந்து சாப்பிட்டேன். ஐந்து மருந்துமே தித்திப்பு.

இன்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. என் கோமதி அக்காவின் கல்யாணமே அந்த ஐந்து வியாதிகளால் முறிந்துபோக இருந்தது.

அறுபதுகளின் கடைசி. சென்னையில் மதுவிலக்கு. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தேன். உஸ்மான் ரோட்டில் அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்காரப் பிடிக்காமல், மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து இங்கிலீஷ் பத்திரிகைகள் படித்துக்கொண்டிருந்தேன். (அப்பாவின் பாஷையில் இதற்கு "சும்மா சுத்துதான்" என்று பெயர்.) அப்படி ஒரு நாள் கண்ணில் பட்டதுதான் அந்தக் கட்டுரை. சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சமாக அருந்தும் இனிப்பு ஒயின்களைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் எழுதியிருந்தார். தேன் நிறமாம், உலர்ந்த திராட்சை வாசனையாம், விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும் தித்திப்பாம். கையைக் கடிக்காத விலையில் நல்லதாகப் பார்த்து வாங்க யோசனைகள் வேறு. போதை என்ற சொல்லே அதில் இல்லை. நான்கு தடவை படித்தேன். பரீட்சைக்குக்கூட நான் எதையும் நான்கு தடவை படித்தவனில்லை.

நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த சைவக் குடும்பம். மீன் கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற சைவம். அதோடு, எங்கள் வீட்டில் எதையும் பிடித்திருக்கிறது என்பதற்காகச் சாப்பிடும் வழக்கம் கிடையாது. காரணம் ஒன்று வேண்டும். காப்பி தலைவலிக்கு. அல்வா தீபாவளிக்கு. சுக்குக் கருப்பட்டி செரிமானத்துக்கு. அப்பா சினிமாவுக்குப் போவதுகூட, மதுரை மொத்த வியாபாரி கூப்பிட்டுத் தட்ட முடியாததால்தான்.

இந்த வீட்டில், அம்மாவின் இருமல் மருந்து பாட்டிலை ஒருநாள் எதேச்சையாகத் திருப்பிப் பார்த்தேன். திராட்சாரிஷ்டம். லேபிளில் சேர்மானம் போட்டிருந்தது: திராட்சை, வெல்லம், காட்டாத்திப் பூ. கஷாயம் வைத்து, பானையில் ஊற்றி, வாயைக் கட்டி ஒரு மாதம் வைத்து எடுத்தது. கெமிஸ்ட்ரிக்காரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. திராட்சை, சர்க்கரை, மூடிய பானை, ஒரு மாதம். வெள்ளைக்காரர் சொன்னதும் இதைத்தானே. சர்க்கார் தடுத்து வைத்திருந்ததை வைத்தியசாலைக்காரர்கள் வேளைக்கு இரண்டு ஸ்பூன் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தி. நகரில் வாங்க முடியாது. எந்தக் கடைக்குப் போனாலும் நான் அண்ணாச்சி மகன். ஆகவே பஸ் ஏறி மயிலாப்பூர் போனேன். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் சின்னதாக ஒரு வைத்தியசாலை. கல்லாவில் ஒரு நாயர். போதைக்காக அரிஷ்டம் வாங்கிக் குடிக்கிறவர்கள் ஊரில் உண்டு என்பதால், வியாதியைச் சொல்லாமல் அவரிடம் பாட்டில் பெயராது.

"யாருக்காக்கும்? என்ன அசுகம்?"

இருமிக் காட்டினேன். கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானங்களில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில், கண்ணாடி டம்ளரும் நோட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்து ஆராய்ச்சி நடந்தது. நோட்டில் அந்த வெள்ளைக்காரரின் பாணியிலேயே எழுதினேன். "அபயாரிஷ்டம்: முதலில் கடுக்காய் முகத்தில் அறைகிறது. பொறுத்திருந்தால் வெல்லம் வந்து மன்னிப்புக் கேட்கிறது. காராபூந்தி பொருத்தம்." "சாரஸ்வதாரிஷ்டம்: தேன் உண்டு. ஆனால் வசம்பு வாசனை. தொட்டிலுக்குள் தலையை விட்டதுபோல." ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதி சொல்ல வேண்டியிருந்தது: ஞாபக மறதிக்கு ஒன்று, நரம்புத் தளர்ச்சிக்கு ஒன்று. அபயாரிஷ்டத்துக்காக, நாலு பெண்கள் நின்றுகொண்டிருந்த கடையில், எனக்கு மூலம் என்று வாய்விட்டுச் சொன்னேன். கலைக்காக அதற்கு மேல் நான் எதையும் தியாகம் செய்ததில்லை.

அந்தக் கடை பெஞ்சில் சனிக்கிழமைதோறும் ஒரு பெரியவர் முட்டிவலித் தைலத்துக்காகக் காத்திருப்பார். தடித்த கண்ணாடி. என் வியாதிகளை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு, "இந்த வயசுலயா" என்று உச்சுக்கொட்டுவார்.

ஐந்தாவது, தசமூலாரிஷ்டம். எல்லாவற்றிலும் இனிப்பு அதுதான் என்று நாயர் யாரிடமோ சொன்னதைக் கேட்டிருந்தேன். எனக்கும் ஒரு பாட்டில் என்றேன்.

"இது பிரசவிச்ச ஸ்த்ரீக்குக் கொடுக்கிறது. வீட்டுல யாரு?"

பக்கத்து வீட்டுக்காரி என்றிருக்கலாம். எனக்குப் புத்தியைவிட வாய் வேகம். "சம்சாரம்" என்றேன்.

"என்ன குழந்தை?"

"ஆண்."

பெரியவர் பெஞ்சை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நோவையும் உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையும் நடத்துகிறேனே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேர் வைத்ததும் அவசியம் வந்து சொல்ல வேண்டும் என்றார்.

(தசமூலம் அற்புதம். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்.)

அக்காவுக்கு அப்போது இருபத்தாறு. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, போய்க் கடிதம் போடுகிறோம் என்றவர்கள் போடவில்லை. நாலாவது இடம், மயிலாப்பூர்க்காரர்கள். பையன் சண்முகத்துக்கு சைதாப்பேட்டை கோர்ட்டில் வேலை. அவர்கள் வருகிற அன்று காலையில் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். இதுவும் தட்டிப்போனால் ஊரில் இரண்டாந்தாரமாக ஒருவருக்குப் பேசி முடிப்பதாக அப்பா இருக்கிறார் என்றாள். ஆளுக்கு நாற்பத்திமூன்று வயது. "இன்னைக்கு ஒரு நாள் நீ கோமாளித்தனம் பண்ணாம இருலே" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். பையன், அம்மா, அப்பா. நான் தண்ணீர்ச் செம்போடு கூடத்துக்குள் நுழைந்தேன். பையனின் அப்பா தடித்த கண்ணாடி வழியாக என்னை ஏறிட்டுப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்தார்.

"தம்பி, நீங்களா? கொழந்தைக்குப் பேரு வச்சாச்சா?"



"யாரு கொழந்தைக்கு?" என்றார் அப்பா.

"தம்பி கொழந்தைக்குத்தான். தாத்தாவாகி ஒரு மாசமாச்சு, தரகர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணாச்சி."

நான், நீங்கள் வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறீர்கள் என்று முனகினேன். பெரியவருக்குக் கோபமே வரவில்லை. பரிதாபம்தான் வந்தது.

"பாவம், ஞாபக மறதின்னு அன்னைக்கே சொன்னீங்களே" என்றார். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, என் இருமல், மூலம், நரம்புத் தளர்ச்சி எல்லாவற்றையும் வரிசையாக விசாரித்தார்.

பையனின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கிளம்பப்போகிறார் என்று அர்த்தம். "நரம்புத் தளர்ச்சில்லாம் பரம்பரையா வருமாமே" என்றார், மகனைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அக்காவின் பட்டுப்புடவை ஓரம் அசையாமல் நின்றது.

எனக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, ரகசியப் பெண்டாட்டியுள்ள நோயாளி. மற்றது, குடிகாரன். முதலாவது அக்காவையும் சேர்த்துக் கவிழ்க்கும். இரண்டாவதில் நான் மட்டும் முழுகலாம் என்று தோன்றியது. எனக்கு வியாதியும் இல்லை, குழந்தையும் இல்லை, அரிஷ்டம் ஒயின் மாதிரி இருக்கும் என்பதால் வாங்கிக் குடித்துப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். பத்திரிகை, வெள்ளைக்காரர், காட்டாத்திப் பூ, தண்ணீர்த் தொட்டி, ஒன்றையும் விடவில்லை. போதைக்காக இல்லை என்று மூன்று தடவை சொன்னேன்.

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "வியாதியும் இல்ல, போதைக்கும் இல்ல. பொறவு எதுக்குலே குடிச்ச?"

"நல்லா இருந்துச்சுப்பா."

அந்த வீட்டில் அப்படி ஒரு பதிலை அதுவரை யாரும் சொன்னதில்லை.

உள்ளே ஒரு டம்ளர் உருண்டது. தொடர்ந்து ஒரு சிரிப்பு. கல்யாணப் பெண்கள் சிரிக்கக்கூடிய சிரிப்பில்லை அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, நின்று, மறுபடி தொடங்குகிற சிரிப்பு. அம்மா உள்ளே ஓடினாள்.

அதுவரை வாய் திறக்காத சண்முகம் என் பக்கம் திரும்பினார். "அஞ்சுல எது நல்லா இருந்துச்சு?"

"தசமூலம்."

"அது பிள்ள பெத்தவங்க குடிக்கிறதுல்ல?"

"ஆமா."

உள்ளே இரண்டாவது அலை. சண்முகம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா என்னோடு பதினொரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பெரியவர் கடைக்கே வந்து, பையன் கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் என்று நிற்கிறான் என்றார். பையனின் அம்மா போட்ட நிபந்தனை ஒன்று உண்டு: எனக்கு வியாதி எதுவும் இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். பாண்டி பஜார் டாக்டர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்" என்று எழுதிக் கொடுத்தார். (அப்பா வாய்மொழியாகச் சொன்னதைத்தான் அவர் எழுதினார் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.)

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அக்காவிடம், அன்றைக்கு அவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே யாருக்குலே பயப்படணும்னு இருந்துச்சு. சிரிச்சிட்டேன்" என்றாள்.

கதையை நான் விருந்துகளில் சொல்லும்போது இந்த இடத்தை விட்டுவிடுவது வழக்கம். என் நாக்குக்காக நான் பந்தயம் வைத்தது அக்காவின் வாழ்க்கையை. சண்முகம் அத்தான் வேறு மாதிரி மனிதராக இருந்திருந்தால், இதை நகைச்சுவையாக எழுத எனக்குக் கை வந்திருக்காது. நன்றாக முடிந்ததில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

எழுபத்தொன்றில் மதுக்கடைகளைத் திறந்தபோது அத்தானும் நானும் சேர்ந்து நிஜமான இனிப்பு ஒயின் ஒரு பாட்டில், இருந்ததிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்கினோம். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு வெகு நேரம் யோசித்தார். "நாயர் கடைச் சரக்கு வராதுப்பா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

போன வருஷம் டாக்டர் எனக்குச் சர்க்கரை என்றார். உறவில் எல்லோரும் போனில் கூப்பிட்டு வருத்தப்பட்டார்கள். அக்கா மட்டும், "ஒருவழியா ஒரு வியாதியாவது நெசமாச்சேலே" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் பேச முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. போனை அத்தான் வாங்கினார். எண்பது வயது மனிதர், கோர்ட்டில் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"மாப்ள, பிரசவம் எப்போ?"