மூன்றாம் வருஷத்துக் கப்பு

அர்த்தநாரி தன் மனைவி முத்தாத்தாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, கதவு மூடுவதற்குள் அவள் சொன்னாள்: "வடையக் கொறைங்க." கூட நின்ற நர்ஸ், இவருக்குக் கொழுப்பு வியாதி போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். அந்த வடையின் கதை 2004-ல் தொடங்கியது.

அப்போது அவர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பொங்கலுக்குப் பொங்கல் கம்பெனியில் ஓட்டப்பந்தயம் நடக்கும். ஆண், பெண், வீட்டு ஆட்கள், யார் வேண்டுமானாலும் ஓடலாம். மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயிக்கிற வீட்டுக்கே கப்பு சொந்தம் என்று முதலாளி மகுடேஸ்வரன் சொல்லியிருந்தார். அர்த்தநாரி இரண்டு வருஷம் ஜெயித்துவிட்டார். கப்பு வைக்க டிவி மேலிருந்த பிள்ளையாரைக்கூட இடம் மாற்றிவிட்டார்.

சித்திரையிலேயே முத்தாத்தாள் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஓடிப் பழகலீங்களா?"

"பொங்கலுக்கு இன்னும் ஒம்போது மாசம் கெடக்குது புள்ள. மார்கழில பாத்துக்கலாம்."

"ஆர்டர் இல்லீன்னு மிசினுக்கு எண்ணெய் போடாம உட்டா, ஆர்டர் வர்ற அன்னைக்கு ஓடுமுங்களா?"

"நானென்ன மிசினா?"

"மிசினுக்குத் தொப்பை போடாதுங்க."

தைத்தது. மறுநாளே புது ஷூ வாங்கினார். அடுத்த நாள் விடிந்ததும் மைதானத்துக்குக் கிளம்பினார். மொபெட்டில். ஓடியே போனால் அங்கே ஓடத் தெம்பு வேண்டாமா? எதிரே டீக்கடை. ஒரு டீ குடித்துவிட்டு ஓடலாம் என்று உட்கார்ந்தார். வடை சூடாக வந்தது. நாளைக்கு ஓடலாம் என்று முடிவு செய்தார்.

எட்டு மாதம் அந்த முடிவில் உறுதியாக நின்றார், உட்கார்ந்தபடியே. வீடு திரும்பும் முன் கடைக் குழாயடியில் பனியனை நனைத்துக்கொள்வார். மார்பில் ஒரு திட்டு, முதுகில் ஒரு திட்டு. கட்டிங் மாஸ்டர் அல்லவா, அளவு தப்பாது.

வீட்டுக்கு வந்தால் முத்தாத்தாள் அடுப்படியில் மூச்சிரைக்க நிற்பாள்.

"என்ன புள்ள, இப்படி வேர்க்குது?"

"அடுப்பு வேக்காடுங்க. நல்லா ஓடினீங்களா?"

"நாலு ரவுண்டு!"

"பாவமுங்க, காலு."

பொங்கல் வந்தது. விசில் ஊதியதும் அர்த்தநாரி பாய்ந்தார். முதல் வளைவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் விலா. கப்பு போச்சே என்று நொண்டிக்கொண்டிருந்தபோது, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு ஓர் உருவம் பக்கத்தில் வந்தது.

"ஏனுங்க, வடை கனக்குதுங்களா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். முதலாவதாக.

சாயங்காலம் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "மொத நாளு, வேவு பாக்கலாம்னு குறுக்குப் பாதையில வந்தனுங்க. வடை திங்கறதப் பாத்தேன். உங்க வண்டி வர்றதுக்கு முந்தி ஊட்டுக்குத் திரும்போணுமில்லீங்க? ஓடினேன். நாளைக்காவது ஓடுவீங்கன்னு தெனமும் வந்தேன். எட்டு மாசமுங்க."

"ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாமே புள்ள?"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தனுங்க."

அவள் போய் ஆறு வருஷமாகிறது. கப்பு டிவி மேல் இருக்கிறது. 'முத்தாத்தாள், க/பெ அர்த்தநாரி' என்று பொறித்திருக்கிறது. ஷூ அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அடி தேயவில்லை.