அத்தை, தயவுசெய்து புறப்பட வேண்டாம்

நிஸ்வா, ஓமன்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, மருமகன் ஆல்வின் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மகள் குவெண்டாவும் இங்கே சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் ஸ்வான்சி மழையும் சற்றுக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கேயே வந்து எங்களோடு இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அத்தை. கோபப்படாமல் முழுவதையும் படியுங்கள். குவெண்டா கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விடுகிறாள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வந்த புதிதில் பக்கத்து வீட்டு ஹமூத் கூப்பிட்டு, காபியும் பேரீச்சம்பழமும் கொடுத்து, வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். நாங்கள் இருவர்தான், மாமியார் ஊரில் தனியாக இருக்கிறார் என்றேன். மனிதர் ஏனோ விசாரிப்பதை விட்டுவிட்டு, என் தட்டில் இன்னும் பேரீச்சம்பழத்தை அள்ளிவைத்தார். சங்கடத்தில் நான், கீழே விரித்திருந்த கம்பளம் பிரமாதம் என்று சொல்லிவைத்தேன். மாலையில் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது! குவெண்டாவோடு வேலை பார்க்கும் ரோரி இந்த ஊரில் பல வருடம் குப்பை கொட்டியவர். "இங்க எதையாவது புகழ்ந்தா அத உங்கிட்டயே குடுத்துருவாங்க. அவங்க புகழ்ந்தா நீயும் குடுத்தாகணும், பாத்துக்கோ" என்று அவர்தான் எச்சரித்தார்.

அன்றோடு நான் வாயைத் தைத்துக்கொண்டேன். ஹமூத் வீட்டில் எதைப் பார்த்தாலும் பிடிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அப்படியும் அரிசி மூட்டை வந்தது, கட்டில் வந்தது, குளிர்சாதனப் பெட்டி வந்தது. நான் காரைக் கழுவினால் ஓடிவந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டு மகனைக் கூப்பிடுகிறார். அரைக்கால் சட்டையோடு வெயிலில் காலாற நடந்தால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்கிறார். போன வாரம் இரண்டு முழுக்கால் சட்டை கொடுத்தனுப்பினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இதெல்லாம் போகட்டும். நேற்று எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மா முகம் என்ன லட்சணமா இருக்கு. இவங்க இங்க இருக்க வேண்டியவங்க தம்பி" என்றார். அத்தை, அவர் மனைவியை இழந்தவர். ரோரி சொன்ன வழக்கமும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வந்திருக்கும் சாமான்களைப் பார்த்தால், உங்களைத் தரமாட்டேன் என்று நான் எந்த வாயால் சொல்வது? ஆகவே அங்கேயே பத்திரமாக இருங்கள்.

உங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
கலங்கிப்போன மருமகன்
ஆல்வின்

பி.கு: உறையை ஒட்டும்போது ஹமூத் வந்தார். அவரும் பிள்ளைகளும் சேர்ந்து உங்களுக்கு விமான டிக்கெட் எடுக்கப்போகிறார்களாம். ஏன் என்று கேட்டேன்.

"உனக்கு வசதி பத்தலன்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு தம்பி. இருக்கிறவன் எவனாவது வயசான அம்மாவத் தனியா விட்டுட்டு வருவானா? உன் மனசு சங்கடப்படுமேன்னுதான் இத்தன நாளா எதுவும் கேக்கல."

எங்களுக்குப் பணத்துக்குக் குறைவில்லை என்றேன்.

"அப்புறம் ஏன் கூட்டிட்டு வரல?"

அத்தை, எனக்கு வெட்கமாக இருந்தது. நானே டிக்கெட் எடுத்துவிட்டேன், உடனே புறப்பட்டு வாருங்கள். உங்களை அழைக்க ஹமூதும் வருகிறார். இறங்கியதும் முதல் வேலையாக, டிக்கெட் மருமகன் காசில் எடுத்தது என்று அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.