வாரேன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்த கதை

தமிழில் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் முழு ஆயுசையும் ஓட்டிவிட முடியும் என்று நிரூபித்தவர், எனக்குத் தெரிந்து, வாரேன் அண்ணாச்சி ஒருத்தர்தான். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்திருக்க வேண்டும். பேட்டையில் நாங்கள் பல குடும்பமாகக் குடியிருந்த வளவில் அதைத் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவில்லை.

அண்ணாச்சி லாரி டிரைவர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். குஜராத், ராஜஸ்தான், சில சமயம் அதற்கும் அங்கிட்டு. கிளம்பும்போது நம் ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, அபசகுனம். 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணாச்சியும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார். சிக்கல் என்னவென்றால், திரும்பும்போதும் போனில் 'வாரேன்' என்பார். நடுவழியில் பஞ்சராகி நிற்கும்போதும் அதையேதான் சொல்வார். ஆக, மனுஷன் போய்க்கொண்டிருக்கிறாரா, வந்துகொண்டிருக்கிறாரா என்பது அவருக்கும் லாரிக்கும் மட்டும்தான் தெரியும்.

அண்ணாச்சியின் சம்சாரத்தை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். எங்களுக்கு எதிர்வீடு என்பதால் மதினி போனில் பேசுவது நம் காதில் விழாமல் இருக்காது. அதுவும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசும்.

"எங்க நிக்கீய?"

"வாரேன்."

"அதான் எங்கன?"

"நாக்பூரு."

"வடக்க பாத்தா, தெக்க பாத்தா?"

"வடக்க பாத்து வாரேன்."

மதினி போனை வைத்துவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்து ஒரு பார்வை பார்க்கும். அண்ணாச்சி நாக்பூரில் இருப்பதற்கு நான்தான் காரணம் என்பது மாதிரி இருக்கும்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் ரிட்டர்ன் லோடு என்று ஒன்று இருக்கிறது. போன ஊரில் திரும்பி வருவதற்குச் சரக்கு கிடைத்தால்தான் வண்டி தெற்கே திரும்பும். காலி வண்டியாக வர லாரி ஆபீஸ் மேனேஜர் விடமாட்டார். கிடைக்கிற சரக்கும் நேராக நம் ஊருக்கு வந்துவிடாது. விஜயவாடாவில் இறக்கு, அங்கிருந்து மறுபடி வடக்கே போ என்பார்கள். நம் பக்கத்தில் எவனாவது வீட்டுக்குக் குஜராத் டைல்ஸ் போட ஆசைப்பட்டால்தான் மதினி புருஷனைப் பார்க்க முடியும். இதுதான் நிலவரம்.

அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தாலும் அண்ணாச்சி லாரியை விட்டு இறங்கிவிட்டார் என்று சொல்ல முடியாது. டயரில் காற்று பார்க்கிற இரும்புக் கம்பி கையிலேயே இருக்கும். என் ஸ்கூட்டரைத் தட்டிப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பார். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரின் தொந்தியை ஒருதடவை யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பியைப் பைய வாங்கி வைத்துவிட்டேன்.

வளவுச் சந்து குறுகல். அண்ணாச்சி முக்குத் திரும்புவதற்கு முன்னால் வாயாலேயே 'பாம்' என்று ஹாரன் கொடுப்பார். முதலில் சிரித்தோம். பிறகு தண்ணிக்குடத்தோடு யார் மேலேயும் யாரும் முட்டிக்கொள்வதில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் பழகிவிட்டோம். எனக்கு இன்னும் அந்த வியாதி போகவில்லை. ஆபீஸ் வராந்தாவில் திரும்பும்போது வாயில் 'பாம்' வந்துவிடுகிறது. மேலதிகாரி ஒருதடவை விளக்கம் கேட்டார்.

பெரிய தொல்லை தூக்கம்தான். இஞ்சின் சத்தம் கேட்காமல் அண்ணாச்சிக்குக் கண் அடையாது. மதினி மாவு ஆட்டும் கிரைண்டரைப் போட்டுவிடும், அடுத்த நிமிஷம் குறட்டை. வெறும் கிரைண்டரை ஓடவிட்டு ஒருநாள் ஏமாற்றப் பார்த்தது. மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"லோடு இல்லாம ஓடுத சத்தமால்லா இருக்கு."

அதிலிருந்து அரிசி போட்டுத்தான் ஆட்ட வேண்டும். அண்ணாச்சி ஊரில் இருக்கிற நாளெல்லாம் வளவு முழுக்க இட்லியும் தோசையும்தான். அவர் எப்போது வருவார் என்று மதினிக்கு அடுத்தபடி கவலைப்பட்டது நாங்கள்தான்.

இந்த நிலைமையில் பக்கத்தில் சுத்தமல்லியில் சொந்தமாக ஒரு வீடு கட்டினார்கள். அண்ணாச்சி ராஜஸ்தானில் இருக்கும்போது அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். ஒரிசாவில் இருக்கும்போது மேல்தளம் போட்டார்கள். எல்லாம் முடிந்து பால் காய்ச்ச நல்ல நாள் குறித்தார்கள். சொந்தபந்தமெல்லாம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. அண்ணாச்சி மட்டும் வரவில்லை, லோடு கிடைக்கவில்லை. மறுபடி நாள் குறித்தார்கள். மறுபடி சாப்பிட்டோம். அண்ணாச்சி விஜயவாடாவிலிருந்து 'வாரேன்' என்றார்.

வீடியோ காலில் காட்டிவிட்டுப் பாலைக் காய்ச்சிவிடலாமே என்று ஒரு சித்தப்பா யோசனை சொன்னார். மதினி அவரைப் பார்த்து அமைதியாகச் சொன்னது.

"பால் பொங்குதத போன்ல பாக்கதுக்கா அவுக ஊரு ஊரா ஓட்டுதாவ? அவுக வராம நான் அந்தப் படி ஏற மாட்டேன்."

சித்தப்பா இலையில் கவனம் செலுத்தினார்.

கட்டின வீடு பூட்டியே கிடந்தது. திருஷ்டிக்குக் கட்டின பூசணிக்காய் அழுகி, வேறு கட்டி, அதுவும் அழுகிவிட்டது. மூன்றாவது தடவை நாள் குறித்தபோது மதினி போனில் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இந்தத் தடவயும் வரலைன்னா வீட்ட வாடகைக்கு விட்டுருவேன். குடி வாரவங்க பால் காய்ச்சிக்கிடட்டும்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்புறம், "வாரேன்" என்றது போன்.

அந்தத் தடவை அண்ணாச்சிக்கு யோகம். நாசிக்கில் பல்லாரி வெங்காயம், இறக்க வேண்டியது நம் நயினார்குளம் மார்க்கெட்டில். சரியாகப் பால் காய்ச்சுகிற அன்று காலையில் ஊருக்குப் பக்கத்தில் கங்கைகொண்டான் வரை வந்து டீக்கு நிறுத்தியிருக்கிறார். மேனேஜர் போன் பண்ணிவிட்டார்.

"மார்க்கெட்ல எடம் இல்லவே. நிக்காம நேரா நாகர்கோவிலுக்கு விட்டுரும்."

"வாரேன்" என்றார் அண்ணாச்சி.

மேனேஜர் திருப்தியாகப் போனை வைத்தார்.

சுத்தமல்லியில் வாழைமரம் கட்டி, சாமியானா போட்டு, நாங்கள் மூன்றாவது முறையாகப் பசியோடு நின்றோம். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் இரண்டு தடவை இருமிக் காட்டினார். மதினி சாவியைக் கையில் பிடித்தபடி தெருவிலேயே நின்றது. படி ஏறவில்லை. யார் முகத்தையும் பார்க்கவும் இல்லை. எனக்கு அண்ணாச்சி மேல் வந்த கோபத்துக்கு, அவர் எதிரில் இருந்திருந்தால் கை நீட்டியிருப்பேன்.

அப்போது தெருமுக்கில் ஹாரன் கேட்டது. நிஜ ஹாரன்.

அந்தத் தெருவில் ஆட்டோ வருவதே கஷ்டம். லாரி வந்தது. நான் முன்னால் ஓடி "வரலாம், வரலாம்" என்று கை காட்டினேன். ஒரு வாழைமரம் லாரிக் கண்ணாடியில் மாட்டிக் கூடவே வந்துவிட்டது. சாமியானாவில் ஒரு பக்கம் சரிந்து சித்தப்பாவை மூடியது. யாரும் பொருட்படுத்தவில்லை.

அண்ணாச்சி கம்பியோடு இறங்கினார். நிலைப்படியை இரண்டு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வைத்தார். பின்னாலேயே மதினி. பால் பொங்கி வழிந்தபோது எல்லோரும் குலவை போட்டார்கள், அண்ணாச்சி மட்டும் 'பாம்' என்றார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டது. பல்லாரி நெடி என்றது. வெங்காயம் மூட்டையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது.

நான் பாயசத்தில் கை வைக்கும்போது அண்ணாச்சியின் போன் அடித்தது. மேனேஜர்.

"எங்கவே நிக்கீரு?"

"சுத்தமல்லி."

"நாகர்கோவிலுக்குப் போவச் சொன்னதுக்கு வாரேன்னு சொன்னீரே."

"ஆமா சார். வாரேன்னுதான் சொன்னேன். போறேன்னு சொல்லலையே. வந்துட்டேன்."

இந்தத் தடவை மேனேஜர் திருப்தியாகப் போனை வைக்கவில்லை. மத்தியானத்துக்குள் பல்லாரி நாகர்கோவில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் பேச்சை மீறினது மீறினதுதான். அண்ணாச்சிக்குத் தண்டனை கொடுத்தார்கள். அதைச் சொல்ல அவரே என் வீட்டுக்கு வந்தார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"வடக்க லோடு இனி எனக்கு இல்லையாம்வே. தூத்துக்குடி ஹார்பருக்கும் இங்கனைக்கும்தான் ஓட்டணுமாம். தெனமும் பொழுதடைய வீட்டுக்கு வந்துரணும்."

"ரொம்பக் கஷ்டம்தான் அண்ணாச்சி."

"ஆமாவே. என்ன செய்ய?"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டில் மதினி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

அவர்கள் குடிபோன பிறகு எங்கள் வளவில் மாவுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. கடை மாவு வாங்குகிறோம், அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சிக்குச் சும்மா ஒரு போன் போட்டேன். எடுத்ததும் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத்தான் தெரியுமே, அதற்கு ஒரு கேலியும் தயாராக வைத்திருந்தேன்.

"இருக்கேன்வே" என்றார்.

"எங்கன அண்ணாச்சி?"

"வீட்லதான்வே. இருக்கேன்."

தூக்கக் கலக்கமான குரல். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல லோடோடு. கேலியெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"சரி அண்ணாச்சி, தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனைப் பைய வைத்தேன்.