சாலவாக்கத்தில் திறக்காத வெப்சைட்

"மாமா, வெப்சைட்ல அக்கா மூஞ்சி பாதிதான் வருதாம்" என்று பைக்கை நிறுத்தும்போதே சொன்னான் வரதன்.

பாண்டுரங்கன் கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னாடா சொல்ற? அவ படத்தைப் போட்டா வூட்டுக்கு வந்துடுவான்னு நீதானே சொன்ன?"

"போட்றதுன்னா முழுசாப் போடணும் மாமா."

விஷயம் இதுதான். பாண்டுரங்கன் உத்திரமேரூரில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். சாம்பாருக்குக் கைமணம் கொடுப்பவள் மனைவி கோமளவல்லி. தொழிலுக்கு வெப்சைட் போட்டபோது அவர் படம் வந்தது, அவர் தங்கை மஞ்சுளாவின் படம் வந்தது, வாடகை அண்டாவின் படம்கூட வந்தது. கோமளவல்லியின் படம் மட்டும் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு சாலவாக்கத்திலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் பாண்டுரங்கன் வம்சத்தில் யாரும் போனில் மன்னிப்புக் கேட்டதில்லை. கோமளவல்லியின் தம்பி வரதன்தான் தினமும் வந்து, அக்கா சொன்ன குறையை ஒப்பித்துவிட்டுப் போவான்.

வெப்சைட் செய்தவன் டிஜிட்டல் பேனர் கடை அரவிந்தன். காதுகுத்துக்குப் பேனர் அடிக்கிற அளவிலேயே வெப்சைட்டையும் அடித்துவிட்டான். கம்ப்யூட்டரில் ஜோராக இருந்தது. போனிலோ, கோமளவல்லியின் இடது காதிலிருந்து விரலால் தள்ள ஆரம்பித்தால், வலது காது வருவதற்குள் ஒரு பந்தி முடிந்து இலை எடுத்துவிடுவார்கள்.

"போனுக்கு ஏத்தாப்ல சுருக்குப்பா" என்றார் பாண்டுரங்கன். அரவிந்தன் சுருக்கினான்.

மறுநாள் வரதன் வந்தான். "முழுசா வருதாம். ஆனா கடுகாட்டம் கீதாம். அண்டா பெருசா, நான் பெருசான்னு அக்கா கேக்குது."

கோமளவல்லியைப் பெரிதாக்கினார்கள். மஞ்சுளா வந்து நின்றாள்.

"அண்ணி மட்டும் அம்மாம் பெருசா? நான் இன்னா இந்தக் குடும்பத்துக்கு ஊறுகாயா?"

மஞ்சுளாவையும் பெரிதாக்கினார்கள். செய்தி பரவி, சித்தப்பாக்கள், சகலை, சம்பந்தி என்று கூலிங்கிளாஸ் போட்ட படங்களோடு அரவிந்தன் கடையில் கூட்டம் கூடிவிட்டது. உற்சாகம் தாங்காத அரவிந்தன், மேலேயிருந்து பூ கொட்டுகிற மாதிரி செய்து, நாதஸ்வரத்தையும் சேர்த்தான்.

மறுநாள் வரதன் தலையைச் சொறிந்தான். "தொறக்கவே மாட்டேங்குதாம் மாமா. ஒல வச்சி, சோறு வடிச்சி எறக்கியாச்சாம், இன்னும் சுத்திக்கினே கீதாம். அப்புறமா தொறந்து, மஞ்சுளா மூஞ்சியக் காட்டிட்டு அப்டியே நின்னுட்சாம்."

"மஞ்சுளாவோட நின்னுட்சா?" என்றார் பாண்டுரங்கன். இனி கோமளவல்லி இந்த ஜென்மத்தில் வரமாட்டாள்.

அரவிந்தன் கடைக்கு ஓடினார். "எல்லாத்தையும் எடுப்பா."

"பூவு?"

"எடு."

"நாதஸ்வரம்?"

"எடு."

"உங்க போட்டோ?"

பாண்டுரங்கன் திரையில் தெரிந்த தன் மீசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதையும் எடு. அவ படமும் போன் நம்பரும் போதும்."

"அப்டி வுட்டா வெப்சைட்டு மாதிரியே இருக்காது சார், ரேஷன் கார்டு மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்பா. வூட்டுக்கு அவ வந்தா போதும்."

இந்த முறை விரலால் தட்டுவதற்கு முன்பே பக்கம் திறந்தது. டீக்கடைக்காரரின் கண்ணாடி உடைந்த போனில் திறந்தது. டவுன் பஸ் கண்டக்டரின் அரதப்பழசான போனிலும் திறந்தது. அதே பஸ்ஸில் ஏறிச் சாலவாக்கத்தில் இறங்கினார் பாண்டுரங்கன்.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள் கோமளவல்லி. அவள் முகத்துக்கு நேரே போனை நீட்டினார்.

"பாரு கோமளம். நீ மட்டுந்தான் கீற. நான்கூட இல்ல."

முறத்தை வைத்துவிட்டு, போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க ஏன் இல்ல? உங்க படத்தையும் போடச் சொல்லுங்க" என்றாள்.

"தெனம் ஒரு கொற சொல்லி அனுப்புவியே. இப்ப சொல்லு, வேற இன்னா கொற?"

அவள் குனிந்துகொண்டாள். வரதன் அவசரமாகப் பைக்கைத் துடைக்கப் போய்விட்டான். தண்ணீர்ச் சொம்போடு வந்த அவன் மனைவி பிரபாதான் சிரித்தாள்:

"அண்ணி எங்க பாத்தாங்கண்ணா? அவங்க போன்தான் இங்க வந்த அன்னிக்கே ஏரில வுழுந்துட்சே! நீங்க ஒயுங்கா சாப்ட்றீங்களான்னு பாத்துக்கினு வரச் சொல்லி இவர தெனம் தொரத்துவாங்க, அதுக்கு ஒரு சாக்கு வேணாமா?"